சப்பாத்திக்கள்ளி: உண்ணும் செடியும் அது நிற்கும் மண்ணும்

சப்பாத்திக்கள்ளி ஒபன்ஷியா என்ற பேரினத்தைச் சேர்ந்தது. நாகதாளி என்றும் அதற்குப் பெயர் உண்டு. தாயகம் அமெரிக்கக் கண்டங்கள். தமிழ் மண்ணுக்கு அது வந்து சில நூற்றாண்டுகள்தான் ஆகின்றன. வடசென்னையின் எண்ணூரை உள்ளடக்கிய சோழமண்டலக் கரையின் மணல்மேடுகளில் அடப்பங்கொடிக்கும் இராவணன் மீசைப் புல்லுக்கும் பக்கத்தில் புதராக மண்டுவது பெரும்பாலும் ஒபன்ஷியா டில்லெனி என்ற இனம். மஞ்சள் பூ, தடித்த மஞ்சள் முள், கருஞ்சிவப்புப் பழம் ஆகியவை அதன் அடையாளங்கள். உள்நாட்டு வறண்ட நிலங்களில் பழுப்பு முள்ளும் செம்மஞ்சள் பூவும் கொண்ட ஒபன்ஷியா எலேஷியர் உண்டு. மெல்லிய பளபளப்பான மடல்களை உடைய ஒபன்ஷியா மோனகாந்தா ஒரு காலத்தில் நாடெங்கும் பரவியிருந்தது, இப்போது அரிது. உலகச் சந்தையில் பழமாகவும் காய்கறியாகவும் விலைபோவது இந்த மூன்றும் அல்ல. அது ஒபன்ஷியா ஃபைகஸ்-இண்டிகா என்ற நான்காவது இனம்; பெரிய பழமும் முள் குறைந்த மடலும் வாய்க்கும்படி மெக்சிகோவில் ஆயிரக்கணக்கான ஆண்டுகளாகத் தேர்ந்து வளர்க்கப்பட்டது. சப்பாத்திக்கள்ளியின் உணவுப் பயன் பற்றி வெளிநாட்டில் எழுதப்படுவதில் பெரும்பகுதி இந்த நான்காவது இனத்தைப் பற்றியது. அதை எண்ணூர் மணலில் நிற்கும் புதருக்கு அப்படியே பொருத்திப் பார்ப்பதில்தான் பல தவறுகள் தொடங்குகின்றன.

உண்ணலாமா என்று கேட்பதற்கு முன்பே தீர்க்கவேண்டிய குழப்பம் ஒன்று உண்டு. தமிழ்நாட்டின் பழைய கள்ளிகளான சதுரக்கள்ளி, திருகுகள்ளி, இலைக்கள்ளி எல்லாம் யூபோர்பியா வகையைச் சேர்ந்தவை. கீறினால் வெள்ளைப் பால் வடியும். அந்தப் பால் தோலைப் புண்ணாக்கும், கண்ணில் பட்டால் பார்வையைக் கெடுக்கும், உள்ளே போனால் உயிரைப் பறிக்கும். கள்ளிப்பால் என்ற சொல்லோடு ஒட்டிக்கொண்டிருக்கும் பெண்சிசுக் கொலையின் கொடும் நினைவு அந்தச் செடிகளுடையது. சப்பாத்திக்கள்ளி அவற்றுக்கு உறவே இல்லாத வேறொரு குடும்பம். அதன் மடலை வெட்டினால் நிறமற்ற வழவழப்பான சாறு வருமே தவிர, பால் வராது. வெட்டிய இடத்தில் பால் கண்டால் அது உணவுச் செடி அல்ல. இதில் விதிவிலக்குக்கு இடமில்லை.

தட்டையாக இருப்பதால் பலரும் இலை என்று நினைக்கும் மடல் உண்மையில் தண்டு. உண்மையான இலைகள் இளம் மடலில் சிறு கூம்புகளாகத் தோன்றிச் சில வாரங்களில் உதிர்ந்துவிடும். மடல் முழுவதும் சீரான இடைவெளியில் உள்ள புள்ளிகளில் நீண்ட முள்ளும், அதன் அடியில் கொத்தாகச் சுணையும் முளைக்கின்றன. நீண்ட முள் கண்ணுக்குத் தெரிவதால் அதனிடம் எல்லோரும் எச்சரிக்கையாக இருப்பார்கள். தொல்லை கொடுப்பது சுணைதான். முடியளவு மெல்லிய ஒவ்வொரு சுணையிலும் பின்னோக்கிய நுண்கொக்கிகள் உள்ளன. தொட்ட மாத்திரத்தில் செடியிலிருந்து கழன்று தோலுக்குள் இறங்கும். இஸ்ரேலில் பழம் பறிக்கும் தொழிலாளர்களுக்கு வந்த தோல் அழற்சி, பார்வைக்குச் சிரங்கு போலவே இருந்ததாக மருத்துவர்கள் பதிவு செய்திருக்கிறார்கள். கையில் ஏறிய சுணையைத் தேய்ப்பதும் வாயால் உறிஞ்சுவதும் அதை இன்னும் ஆழமாக இறக்கும். பசை தடவிய மெல்லிய துணியை அந்த இடத்தில் ஒட்டி, காய்ந்ததும் உரித்தெடுப்பது நல்ல பலன் தரும்.

உண்ணப்படும் பகுதிகளில் முதலாவது பழம். தென்மாவட்டங்களில் ஆடு மேய்க்கும் பிள்ளைகளுக்கு இதில் யாரும் பாடம் நடத்தத் தேவையில்லை. கவைக்குச்சியால் பழத்தைத் தட்டி விழவைத்து, மணலில் உருட்டி, கரட்டுக் கல்லில் தேய்த்துச் சுணையைப் போக்கிவிட்டுப் பிளப்பார்கள். உள்ளே நட்சத்திரம் போல ஒரு முள் இருக்கும், அதை எடுக்காமல் தின்றால் தொண்டையில் சிக்கும் என்பது வழிவழியாகச் சொல்லப்படும் எச்சரிக்கை. பூ உதிர்ந்த தலைப்பக்கக் குழியையும் அதைச் சுற்றிய சதையையும் தாராளமாக வெட்டி எறிந்துவிட்டால் அந்தப் பயத்துக்கு இடமில்லை. வீட்டில் செய்வதானால், இடுக்கியால் பழத்தைப் பிடித்து அடுப்புத் தீயில் எல்லாப் பக்கமும் வாட்டினால் சுணை பொசுங்கிவிடும். பிறகு ஓடும் நீரில் சாக்குத் துண்டால் தேய்த்துக் கழுவி, இரு முனைகளையும் நறுக்கி, நீளவாக்கில் ஒரு கீறல் போட்டுத் தோலை இருபுறமும் விலக்கினால் சதை தனியே வரும்.

அந்தச் சதையின் அடர்சிவப்புக்குக் காரணம் பீட்ரூட்டில் உள்ள அதே பீட்டாலைன் நிறமிகள். நாக்கும் உதடும் சிவப்பதோடு நிற்காமல், மறுநாள் சிலருக்குச் சிறுநீரும் சிவக்கும். இரத்தம் என்று பதறவேண்டியதில்லை. கரையோரப் புதரின் பழம் சிறியது, புளிப்பு மிகுந்தது, சதையைவிட விதையே அதிகம் என்று சொல்லும்படியானது. ஃபைகஸ்-இண்டிகா பழம் 100 முதல் 200 கிராம் வரை எடை வரும், இனிப்பும் கூடுதல். இரண்டிலும் விதை கல்லைப் போலக் கெட்டி, குடல் அதை அரைப்பதில்லை. ஒன்றிரண்டு பழத்தின் விதையை விழுங்குவதால் கெடுதல் எதுவும் இல்லை. பசிக்கு ஒரேயடியாக நிறையத் தின்றவர்களுக்கு விதைகள் மலக்குடலில் கட்டியாகச் சேர்ந்து அடைத்துக்கொண்டு, மருத்துவமனையில் எடுக்கவேண்டி வந்த நிகழ்வுகள் மெக்சிகோவிலும் மத்தியதரைக்கடல் நாடுகளிலும் பதிவாகியுள்ளன. பழத்தைப் பிழிந்து வடிகட்டிச் சாறாகக் குடிப்பதே எளிய தீர்வு. குஜராத்தின் சௌராட்டிரப் பகுதியில் எலேஷியர் பழச்சாற்றைச் சர்க்கரைப் பாகோடு புட்டியில் அடைத்து, ஃபிண்ட்லா என்ற பெயரில் விற்கிறார்கள். இந்தியாவில் காட்டுச் சப்பாத்திக்கள்ளி வணிக உணவாக மாறியதற்கு அதுவே நல்ல உதாரணம்.

இரண்டாவது பகுதி இளம் மடல். மெக்சிகோவில் இது அன்றாடக் காய்கறி. ஒரு சாண் நீளத்துக்கு மேல் வளராத, கூம்பு இலைகள் இன்னும் உதிராத மடலைத்தான் அறுப்பார்கள். முற்றினால் நார் ஏறிவிடும். முட்புள்ளிகளைக் கத்தியால் சீவி, துண்டுகளாக நறுக்கி, உப்பு நீரில் வேகவைத்து, வடித்த நீரைக் கொட்டிவிடுவது வழக்கம். வெட்டியதும் வெண்டைக்காய் போலக் கொழகொழப்பு கசியும். புளி சேர்ப்பதும் எண்ணெயில் வதக்குவதும் அதை அடக்கும். சுவை அறுவடை நேரத்தைப் பொறுத்து மாறுவது இந்தக் காய்கறியின் தனித்தன்மை. பெரும்பாலான செடிகள் பகலில் இலைத்துளைகளைத் திறந்து கரியமில வாயுவை எடுக்கும். கள்ளியோ நீரைக் காப்பாற்ற இரவில் திறந்து, வாயுவை மாலிக் அமிலமாகத் தேக்கி வைத்துப் பகல் வெயிலில் செலவழிக்கிறது. ஆகவே விடியற்காலையில் அறுத்த மடல் நன்றாகப் புளிக்கும். அதே செடியில் பிற்பகலில் அறுத்தால் புளிப்பு வெகுவாகக் குறைந்திருக்கும். தமிழ்நாட்டில் மனிதர் மடலைச் சமைத்து உண்ணும் பழக்கம் வேரூன்றவில்லை. பஞ்ச காலங்களில் முள்ளைத் தீயில் பொசுக்கி மாட்டுக்குப் போட்டதோடு அது நின்றுவிட்டது. கரையோரப் புதரின் மடலில் முள்ளும் சுணையும் நெருக்கமாக இருப்பதைப் பார்த்தால், அந்த அளவோடு நின்றதில் வியப்பில்லை.

சத்து பற்றிச் சொல்ல அதிகம் இல்லை. நூறு கிராம் பச்சை மடலில் ஏறக்குறைய 94 விழுக்காடு நீர். ஆற்றல் 16 கலோரி. கால்சியம் 164 மில்லிகிராம். எண் பெரிதாகத் தோன்றினாலும் அந்தக் கால்சியத்தின் கணிசமான பகுதி ஆக்சலேட்டாகக் கட்டுண்டு கிடப்பதால் உடம்பில் ஒட்டாது. சிறுநீரகக் கல் வந்தவர்கள் மடலைத் தவிர்ப்பது நல்லது. நூறு கிராம் பழத்தில் சுமார் 41 கலோரியும் ஓரளவு வைட்டமின் சியும் கணிசமான மக்னீசியமும் உண்டு. நெல்லிக்காயும் கொய்யாவும் மலிவாகக் கிடைக்கும் ஊரில் வைட்டமினுக்காக இதைத் தேடிப் போகவேண்டியதில்லை. மருத்துவப் பயனில், உணவோடு மடலைச் சேர்த்துக்கொண்ட நீரிழிவு நோயாளிகளுக்குச் சாப்பாட்டுக்குப் பிந்தைய சர்க்கரை ஏற்றம் குறைந்ததாக மெக்சிகோவில் நடந்த சிறிய சோதனைகள் காட்டுகின்றன. அதில் இருக்கும் நார்ச்சத்தும் கொழகொழப்பும் இதற்குப் போதுமான விளக்கம். மாத்திரை எடுப்பவர் மருத்துவரிடம் சொல்லாமல் இதைத் தினமும் சேர்த்தால் சர்க்கரை அளவுக்கு மீறி இறங்க வாய்ப்புண்டு. பழத்தை இத்தனை நாள் தின்றால் கர்ப்பப்பை நீர்க்கட்டி கரையும், குழந்தைப்பேறு கிட்டும் என்று காணொளிகளில் உறுதியாகச் சொல்லப்படுவதற்கு, மனிதர்களிடம் முறையாகச் செய்யப்பட்ட எந்தச் சோதனையும் துணை நிற்கவில்லை.

உண்ணத்தக்க செடி ஊரெங்கும் மண்டிக் கிடந்தும் பயிராக ஏன் மாறவில்லை என்பதற்கான விடை சென்னையின் வரலாற்றில் கிடைக்கிறது. 18ஆம் நூற்றாண்டின் இறுதியில் இந்தச் செடிமீது மதராஸ் அரசுக்கு வந்த ஆர்வத்துக்கும் உணவுக்கும் தொடர்பில்லை. கள்ளியில் ஒட்டி வாழும் கோச்சினீல் பூச்சியை உலர்த்தி அரைத்தால் பட்டுக்கும் கம்பளிக்கும் ஏறும் உயர்ந்த சிவப்புச் சாயம் கிடைக்கும். அந்த வணிகம் முழுவதும் மெக்சிகோ வழியாக ஸ்பெயின் கையில் இருந்தது. அதை உடைக்க நினைத்த கிழக்கிந்தியக் கம்பெனியின் தலைமை மருத்துவர் ஜேம்ஸ் ஆண்டர்சன், லண்டனில் இருந்த தாவரவியலாளர் ஜோசப் பேங்க்ஸுக்குக் கடிதம்மேல் கடிதம் எழுதி, சைதாப்பேட்டையில் நோபால்ரி என்ற கள்ளித் தோட்டத்தை உருவாக்கினார். அவருடைய மருமகன் முறையினரான ஆண்ட்ரூ பெர்ரி அதைக் கவனித்துக்கொண்டார். தோட்டம் தயாரானது, பூச்சி வரவில்லை. 1795இல் கேப்டன் நீல்சன் என்பவர் ரியோ டி ஜெனிரோவில் கப்பல் நின்றபோது பூச்சி ஒட்டிய செடிகளை எடுத்துக் கல்கத்தாவில் சேர்த்தார். வந்த பூச்சிகள் வெளிநாட்டிலிருந்து அருமையாகத் தருவித்த கள்ளிகளைத் தொடாமல், வேலியில் சும்மா நின்ற மோனகாந்தாவைத் தின்று பெருகின. அவை தரமான சாயப்பூச்சியே அல்ல. டாக்டிலோபியஸ் சிலோனிகஸ் என்ற, சாயம் குறைந்த காட்டினம். 1800 வாக்கில் நோபால்ரி கைவிடப்பட்டு, செடிகள் பெங்களூரு லால்பாக்குக்குப் போயின. (பூச்சியின் சிவப்பு கார்மினிக் அமிலம், பழத்தின் சிவப்புக்கும் அதற்கும் சம்பந்தமில்லை.)

சாயத்தில் தோற்ற பூச்சி கள்ளியை அழிப்பதில் வென்றது. 1836க்கும் 1838க்கும் இடையில் அதே பூச்சி மோனகாந்தாவை ஒழிப்பதற்கென்றே தென்னிந்தியாவுக்குக் கொண்டுவரப்பட்டது. 1860களில் இங்கிருந்து இலங்கைக்கும் போனது. களையை ஒழிக்கப் பூச்சியை வேண்டுமென்றே ஏவிய முதல் நிகழ்வுகளாகப் பூச்சியியல் நூல்கள் இவற்றைக் குறிப்பிடுகின்றன. 1912இல் ஆஸ்திரேலியாவிலிருந்து புறப்பட்ட ஜான்ஸ்டன், டிரையன் ஆகியோரின் ஆய்வுக்குழு கள்ளியை அடக்க வழி தேடி உலகைச் சுற்றியபோது இந்தியாவுக்கும் வந்து பார்த்தது. ஆனால் மோனகாந்தாவை அழித்த சிலோனிகஸ் டில்லெனியைத் தொடாது. மோனகாந்தா விட்ட இடத்தையும் டில்லெனி பிடித்துக்கொண்டு, மதராஸ் மாகாணத்தில் மேய்ச்சல் நிலம், கோயில் புறம்போக்கு, ஏரிக்கரை என்று பரவியது. அதற்கு மாற்றாக டாக்டிலோபியஸ் ஒபன்ஷியே என்ற இன்னொரு பூச்சி 1926இல் இலங்கையிலிருந்து வரவழைக்கப்பட்டது. சில ஆண்டுகளிலேயே பல்லாயிரம் ஏக்கர் புதர் வெண்பஞ்சு பூத்து, வதங்கி, சரிந்தது. இன்று கரையோரத்திலும் கரிசல் வரப்பிலும் தென்படும் திட்டுகள் அந்த அழிவுக்குத் தப்பியவை. அவற்றின் மடலில் ஒட்டியிருக்கும் வெள்ளைப் பஞ்சை விரலால் நசுக்கினால் கருஞ்சிவப்புக் கறை படியும். பூச்சி இன்னும் வேலையில் இருக்கிறது என்பதற்கு அது சாட்சி.

தமிழ்நாட்டில் யாரும் வருந்தாத இந்த அழிவு வேறொரு நாட்டில் பேரிடரானது. மடகாஸ்கரின் வறண்ட தெற்கில் கள்ளிப்பழம் மனிதருக்கு உணவு, மடல் மாட்டுக்குத் தீனியும் தண்ணீரும். 1924இல் பிரெஞ்சு ஆட்சிக்காலத்தில் அங்கே விடப்பட்ட கோச்சினீல் பூச்சி ஐந்தாறு ஆண்டுகளுக்குள் கள்ளிக்காடுகளைத் துடைத்தெறிந்தது. மாடுகள் மடிந்தன, மக்கள் பட்டினியால் இறந்தனர், பிழைத்தவர் பலர் ஊரைவிட்டுப் போனார்கள். அதே தீவில் 2015இல் கடும் வறட்சி வந்தபோது, எஞ்சியும் புதிதாகவும் வளர்ந்த கள்ளியே மக்களுக்கும் கால்நடைக்கும் கைகொடுத்ததாக ஐ.நா. உணவு மற்றும் வேளாண் அமைப்பு குறிப்பிட்டது. அந்த அமைப்பு 2017இல் கள்ளிச் சாகுபடிக்கென விரிவான கையேடு ஒன்றையும் வெளியிட்டது. ஒரே செடி ஓரிடத்தில் களை, ஓரிடத்தில் கஞ்சி. இந்த வேறுபாட்டுக்கு அங்கங்கே பரவிய இனமும் மாற்று உணவு இருந்ததா இல்லையா என்பதுமே காரணம். தமிழ்நாட்டுக்கு வாய்த்தது மோசமான பழம் தரும் இனம். பசிக்குக் கம்பும் கேழ்வரகும் இருந்தன.

அண்மைக் காலத்தில் முள்ளில்லாக் கள்ளி மீண்டும் பேசப்படுகிறது. ஜோத்பூரில் உள்ள மத்திய வறண்ட மண்டல ஆராய்ச்சி நிறுவனமும், ஜான்சியில் உள்ள தீவன ஆராய்ச்சி நிறுவனமும், மத்தியப் பிரதேசம் அம்லாகாவில் இக்கார்டா என்ற பன்னாட்டு வேளாண் ஆராய்ச்சி அமைப்பின் நிலையமும் இதில் ஈடுபட்டுள்ளன. மத்திய நிலவளத் துறையும் நீர்ப்பிடிப்புத் திட்டங்களில் இதை ஊக்குவிக்கிறது. நோக்கம் பெரும்பாலும் தீவனமும் எரிவாயுவும். மனித உணவு மூன்றாம் இடத்தில்தான். அங்கே வெற்றிபெறும் பயிர் சென்னைக் கரைக்கு அப்படியே பொருந்திவிடாது. ஃபைகஸ்-இண்டிகா உப்பு மண்ணைத் தாங்காது. இரவில் வேலை செய்யும் செடி என்பதால் 15 டிகிரி அளவு குளிர்ந்த இரவுகளில்தான் அது நன்றாக வளர்கிறது. எண்ணூரின் கோடை இரவு அதற்கு நேரெதிர். ஐப்பசி, கார்த்திகை மழையில் தண்ணீர் தேங்கினால் வேர் அழுகும். பூச்சியும் ஒரு கேள்வி. 2014இல் மொராக்கோவில் கண்டறியப்பட்ட டாக்டிலோபியஸ் ஒபன்ஷியே அங்குள்ள கள்ளித் தோட்டங்களைப் பெருமளவு நாசமாக்கியது. தென்னிந்தியாவில் அது 1926 முதல் குடியிருக்கிறது. இந்தப் பூச்சிக்குள் ஒவ்வொரு கள்ளி இனத்தையும் விரும்பும் தனித்தனி வகைகள் உண்டு என்பதால், இங்குள்ளது ஃபைகஸ்-இண்டிகாவையும் தாக்குமா என்பதைச் சிறு அளவில் நட்டுப் பார்த்த பிறகே பெரிய நடவில் இறங்கவேண்டும்.

எண்ணூரைப் பொறுத்தவரை செடியைவிட மண்ணே பெரிய கேள்வி. அருகிலுள்ள மணலியில் 1969 முதல் எண்ணெய் சுத்திகரிப்பு. எண்ணூரில் 1970 முதல் 2017 வரை அனல்மின் நிலையம். கொசஸ்தலையாற்றுக்கு அப்பால் வடசென்னை அனல்மின் நிலையமும் செப்பாக்கத்தை ஒட்டிய சாம்பல் குளமும். 2001 முதல் புதிய துறைமுகம். குழாய் உடைந்து ஆற்றில் கலந்த நிலக்கரிச் சாம்பல் பற்றித் தேசியப் பசுமைத் தீர்ப்பாயம் குழுக்களை அமைத்து விசாரித்தது. 2017 ஜனவரியில் துறைமுகத்துக்கு வெளியே இரு கப்பல்கள் மோதியதில் கரை முழுக்க எண்ணெய் ஒதுங்கியது. 2023 டிசம்பரில் மிக்ஜாம் புயல் வெள்ளத்தோடு எண்ணெய் பக்கிங்காம் கால்வாய் வழியாக முகத்துவாரத்தை அடைந்து, தெருவுக்கும் வீட்டுக்கும் ஏறியது. சாம்பலில் ஆர்சனிக், ஈயம், குரோமியம், பாதரசம் போன்றவை சிறு அளவுகளில் இருக்கும். சப்பாத்திக்கள்ளியின் வேர் ஆழமாகப் போவதில்லை. பெரும்பகுதி மேல்மண்ணில் ஓரடிக்குள்ளேயே படர்ந்திருக்கும். சாம்பலும் எண்ணெய் வண்டலும் படிவதும் அதே ஓரடியில்தான். கலிபோர்னியாவில் செலினியம் மிகுந்த மண்ணில் வளர்த்த கள்ளியின் மடலிலும் பழத்திலும் செலினியம் சேர்ந்ததை அமெரிக்க வேளாண் துறை ஆய்வாளர்கள் காட்டியிருக்கிறார்கள். மண்ணில் உள்ளதை இந்தச் செடி உண்ணும் பகுதிவரை கொண்டுவரக்கூடியது என்பதற்கு அது போதும். மேலே படிந்த தூசியைக் கழுவலாம். அப்போதும் முட்புள்ளிகளின் சுணைக்குள் சிக்கியது முழுதாகப் போகாது. உள்ளே ஏறியதைக் கழுவ வழியே இல்லை, வேகவைத்தாலும் உலோகம் ஆவியாகாது. எனவே சாம்பல் குளம், கழிவுநீர் வாய்க்கால், நெடுஞ்சாலை ஓரம், வெள்ளம் ஏறிய தாழ்நிலம் ஆகியவற்றில் நிற்கும் புதரின் பழத்தை உணவாகக் கொள்வது சரியல்ல. மண்ணையும் பழத்தையும் ஆய்வகத்தில் சோதித்து உலோக அளவு தெரிந்த இடம் மட்டுமே விதிவிலக்கு.

இந்தப் பகுதியில் ஒருவருக்கு இதை உண்டு பார்க்க விருப்பம் இருந்தால் தொட்டியே ஏற்ற வழி. முள்ளில்லா ஃபைகஸ்-இண்டிகாவின் முதிர்ந்த மடல் ஒன்றை வெட்டி, வெட்டுவாய் காய்ந்து தோல் கட்டும்வரை இரண்டு வாரம் நிழலில் வைத்து, மூன்றில் ஒரு பங்கு புதையும்படி நடவேண்டும். அடியில் துளையுள்ள மண்தொட்டி, பாதிக்கு மேல் கழுவிய ஆற்று மணல், மீதி மக்கிய எரு. எந்த லாரியில் எங்கிருந்து வந்தது என்று தெரியாத நிரப்பு மண் கூடாது. மழைக்காலத்தில் கூரைக்கடியில் நகர்த்தி வைக்கவேண்டும். வெண்பஞ்சு தென்பட்டால் சோப்பு நீரைப் பீய்ச்சித் துடைக்கலாம். சமைக்கத்தக்க இளம் மடல் அடுத்த ஆண்டிலும், பழம் இரண்டு மூன்று ஆண்டுகளிலும் வரும். கோடை இரவின் வெப்பத்தால் காய்ப்பு குறைவாகவே இருக்கும்.